நர்ஸை அடித்தால் வழக்கு உண்டா? உண்டு. அப்புறம் ஏன் யாரும் புகார் கொடுப்பதில்லை?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவரின் மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். போன வாரம் நைட் டூட்டியில் ஒரு நோயாளியின் மகன் அவர் கையைப் பிடித்து முறுக்கி, மருந்து ட்ராலி மேல் தள்ளியிருக்கிறார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. நிர்வாகம் "பெரிசு பண்ணாதம்மா, அவங்களே டென்ஷன்ல இருக்காங்க" என்று அனுப்பிவிட்டது. கூட வேலை செய்பவர்கள் "இதெல்லாம் சகஜம்" என்கிறார்கள். புகார் கொடுக்க வழி இருக்கிறதா, இவ்வளவு சகஜம் என்றால் ஏன் எங்கேயும் பதிவாகவில்லை என்று கேட்டிருக்கிறார்.

வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2008-லிருந்து இதற்கென்றே தனிச்சட்டம் இருக்கிறது, அது தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும், நர்ஸுக்கும் பொருந்தும். ஒரு வாரம் ஆகிவிட்டது என்பதால் எதுவும் கெட்டுப்போய்விடவில்லை. நான் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து நர்சிங் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை யாரும் சொல்லிவிடலாம். விஷயம் அந்தச் சட்டம் வரைக்கும் ஏன் போய்ச் சேருவதில்லை என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது, அதனால் அதை நீளமாகவே எழுதுகிறேன். அவசரம் என்றால் கீழே வழக்கு பற்றி எழுதியிருப்பதை மட்டும் முதலில் படியுங்கள்.

சகஜம் என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, உலகம் முழுக்க நடந்த 253 ஆய்வுகளைத் திரட்டி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் சொன்னதைக் கூட்டிப் பார்த்தது. கடந்த ஓராண்டில் ஏதோ ஒரு வகை வன்முறையைச் சந்தித்தவர்கள் 61.9 சதவீதம். அடி, தள்ளு, கடி என்று உடம்பில் பட்டது மட்டும் 24.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய நாலு பேரில் ஒருவர். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2015-ல் வந்த இன்னோர் ஆய்வு. அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தின் ஊழியர்களிடம் கேட்டார்கள். 62 சதவீதம் பேர் கடந்த ஓராண்டில் தங்களுக்கு நடந்தது என்றார்கள். அப்புறம் அதே குழுமத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். நடந்தது என்று சொன்னவர்களில் 88 சதவீதம் பேர் ஒரு வரிகூடப் பதியவில்லை. அங்கே கணினியில் பதியும் வசதி இருந்தது. நம் ஊரில் பல வார்டுகளில் அதற்கு ஒரு நோட்டுகூடக் கிடையாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் குறிப்பாக நர்ஸ் மேல் கை வைக்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பத்து நிமிஷத்தில் போய்விடுவார். பில் போடுவது அலுவலகம், மருந்து வாங்காதது நிர்வாகம், ஸ்கேன் ரிப்போர்ட் தாமதமாவது வேறெங்கோ. ஆனால் ராத்திரி முழுக்கக் கண்ணில் படுகிற ஒரே ஆள் நர்ஸ். "இன்னும் பதினைந்தாயிரம் கட்டினால்தான் அடுத்த டெஸ்ட்" என்ற செய்தியை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். அந்தத் தொகையில் ஒரு ரூபாய்க்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

ஆள் கணக்கையும் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு, பொது வார்டில் போதனா மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனை என்றால் ஐந்து பேருக்கு ஒருவர். நான் பார்த்த நைட் டூட்டிகளில் நாற்பது கட்டிலுக்கு ஒருவர் இருந்தால் அது நல்ல நாள், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் தனி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கட்டிலில் ட்ரிப்ஸ் தீர்ந்துவிடும், ட்யூபில் கொஞ்சம் ரத்தம் பின்னால் ஏறும். நர்ஸுக்கு அது பாட்டிலை மாற்றி லைனை ஃப்ளஷ் பண்ணினால் சரியாகிற ஒரு நிமிஷ வேலை. ஆனால் தூக்கக் கலக்கத்தில் கண் விழித்துப் பார்க்கிற மகனுக்கு, அம்மாவின் ரத்தம் ட்யூப் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நர்ஸ் வார்டின் மறு கோடியில் மூச்சுத் திணறுகிற ஒருவருக்கு நெபுலைசர் வைத்துக்கொண்டிருப்பார். "ரத்தம் போய்க்கிட்டிருக்கு, நீ அங்க என்னடி பண்ற?" இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காத நர்ஸை நான் சந்தித்ததில்லை. அதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார், அந்த மகன் குடித்திருக்கிறாரா, வாசலில் செக்யூரிட்டி விழித்திருக்கிறாரா என்பதைப் பொறுத்து மிச்சம் நடக்கும். இப்போது கூடுதலாக போன் கேமராவும் சேர்ந்துகொண்டது. மகன் கத்தின பாகம் வெட்டப்பட்டு, நர்ஸ் கோபப்பட்ட பத்து நொடி மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

இன்னொரு வகையும் உண்டு, அதைச் சேர்த்து எண்ணாமல் விடக்கூடாது. தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் கால் முறிந்து அட்மிட் ஆகிறார், குடி நின்றுபோகிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்து, ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிவார், பிடிக்கப் போன நர்ஸ் வயிற்றில் உதைப்பார். அதே மாதிரி எழுபது எண்பது வயதுப் பெரியவர்கள் ராத்திரியானால் குழம்பிப்போய்க் கையைக் கடிப்பார்கள். இதற்கெல்லாம் போலீஸ் தேவையில்லை, அவர்கள் தெரிந்து செய்யவில்லை. ஆனால் வாங்கின உதை உதைதான். "பாவம், நினைவில்லாமல் பண்ணிட்டார்" என்று எழுதாமல் விடுவதால் என்ன ஆகிறது என்றால், அந்த நோயாளிக்கு நேரத்துக்கு மருந்து தொடங்கியிருக்க வேண்டும், ஒற்றை ஆளாக அவர் பக்கத்தில் யாரையும் அனுப்பியிருக்கக்கூடாது என்ற விஷயம் யாருக்கும் தெரியாமலே போகிறது. அடுத்த வாரம் அடுத்த நோயாளி, அடுத்த நர்ஸ்.

சரி, ஏன் எழுதுவதில்லை? நர்ஸ்கள் பயந்தவர்கள், கூச்சப்படுகிறவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆக்சிஜன் லைன் போன வார்டில் செயற்கையாக மூச்சுக் கொடுக்கிற அம்பு பேக்கைக் கையால் அழுத்தி ஆளைக் காப்பாற்றுகிறவர்களுக்கு ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதத் தைரியம் இல்லாமல் இல்லை. எழுதினால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

புகார் என்று போய் நின்றால் முதல் கேள்வி "நீ என்ன பேசினே?" என்பதாகத்தான் இருக்கும். அடித்தவரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அடி வாங்கினவரிடம் "வார்டில் பிரச்சினை ஏற்பட்டதற்கு விளக்கம் அளிக்கவும்" என்று மெமோ வரும். என்னிடமே அப்படி மெமோ டைப் ஆகி கையெழுத்துக்கு வந்திருக்கிறது. மேலிடத்துக்கு மாத அறிக்கை அனுப்புகிறவருக்கு, சம்பவம் இல்லாத மாதம்தான் நல்ல மாதம். தனியாரில் இன்னும் நேரடியாகவே இருக்கும்: அந்த நோயாளி குடும்பம் உள்ளூரில் பெரிய ஆள், நாலு நோயாளிகளை இங்கே அனுப்புகிறவர், கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டால் யார் பதில் சொல்வது.

வேலை நிரந்தரமா இல்லையா என்பது அடுத்தது. அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015-ல் எடுக்கப்பட்ட ஒப்பந்த நர்ஸ்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை செய்தார்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து போராட்டமாக உட்கார்ந்தார்கள், பலருக்கு நினைவிருக்கும். என்றைக்கு நிரந்தரமாவோம் என்று காத்திருக்கிற ஒருவர், தன் பெயர் ஒரு போலீஸ் விவகாரத்தில் வருவதை விரும்புவாரா? தனியாரில் சில இடங்களில் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், வேலையை விட்டால் அனுபவச் சான்றிதழுக்கு மாதக்கணக்கில் அலைய விடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் சவுதியும் இல்லை, அயர்லாந்தும் இல்லை. வெளிநாட்டுக்கு முயற்சி செய்கிற பிள்ளைகள் பலர், போலீஸில் புகார் கொடுத்தால் பாஸ்போர்ட்டுக்கும் தடையில்லாச் சான்றிதழுக்கும் சிக்கல் வரும் என்று நம்புகிறார்கள். இது தப்பு. சிக்கல் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான், புகார் கொடுத்தவருக்கு இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு "சரியாகப் பார்க்கவில்லை, அலட்சியம்" என்று பதிலுக்கு ஒரு புகார் கொடுக்கும் வாய்ப்பு உண்டு, அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது.

வீட்டையும் சொல்ல வேண்டும். "நைட் டூட்டியே வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேனே" என்று மாமியார் வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள் என்பதற்காகவே கையில் இருக்கிற நகக் கீறலை முழுக்கைச் சட்டையில் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பெண்களை எனக்குத் தெரியும். நீங்கள் கணவராக இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டதே பெரிய விஷயம், உள்ளபடியே சொல்கிறேன்.

நான் ஹெட் நர்ஸாக இருந்த ஓர் அரசு மருத்துவமனையில் ஒரு சாதாரண நூறு பக்க நோட்டை டூட்டி ரூமில் வைத்து, அடியோ வசவோ எது நடந்தாலும் ஒரு வரி எழுதுங்கள், பெயர்கூட வேண்டாம் என்றேன். "இரவு 1.40. பெட் 17 அட்டெண்டர். குடித்திருந்தார். கெட்ட வார்த்தை, கேஸ் ஷீட்டைப் பிடுங்கி எறிந்தார்." இப்படித்தான் இருக்கும் ஒவ்வொன்றும். கொஞ்ச நாளில் பக்கங்கள் நிறைந்துவிட்டன. புரட்டிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நிறையச் சம்பவங்கள் ராத்திரி நடுவில் இல்லை, சாயங்காலம் டூட்டி மாறுகிற நேரத்தில் இருந்தன. பார்வையாளர்களை வெளியே அனுப்புகிற நேரமும், நாங்கள் எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்று ஓவர் கொடுக்கிற, அதாவது அடுத்த டூட்டிக்காரர்களிடம் நோயாளிகளை ஒப்படைக்கிற நேரமும் ஒன்றாக விழுந்திருக்கிறது. வார்டில் கூட்டம், கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பார்வையாளர் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினோம், ஓவர் சமயத்தில் ஒருவர் வார்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வைத்தோம், கண்கூடாகக் குறைந்தது. பைசா செலவில்லை. அப்புறம் மேலே இருந்து ஒருவர் வந்து "இந்த நோட்டு எதுக்கு? நாளைக்கு ஆர்.டி.ஐ.யில் யாராவது கேட்டால்?" என்றார். நோட்டு பீரோவுக்குள் போய்விட்டது. இதைச் சொல்வது எதற்கென்றால், பதிவு இல்லாமல் போவது தற்செயலாக நடப்பதில்லை, பதிவு இருந்தால் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டிவரும்.

நம் நாட்டின் மிகப் பெரிய உதாரணமும் இதேதான். 1973 நவம்பர் 27, மும்பை கே.இ.எம். மருத்துவமனை. டூட்டி முடிந்து அடித்தளத்தில் உடை மாற்றப் போன நர்ஸ் அருணா ஷான்பாக்கை, அங்கேயே வேலை பார்த்த ஒரு துப்புரவுப் பணியாளர் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கினார். மூளைக்கு ரத்தம் போகாமல் அவர் நினைவு திரும்பவே இல்லை. அது பாலியல் தாக்குதலும்கூட. ஆனால் வழக்கு கொலை முயற்சி, கொள்ளை என்றே நடந்தது, பாலியல் குற்றம் அதில் சேர்க்கப்படவில்லை. கல்யாணம் பேசி முடித்த பெண், பெயர் கெட்டுவிடும் என்று மருத்துவமனை நிர்வாகம் போலீஸிடம் அதைச் சொல்லவில்லை என்பது பிற்பாடு வெளியே வந்தது. தாக்கியவர் ஏழாண்டுத் தண்டனை முடிந்து வெளியே போய்விட்டார். அருணா 2015 மே 18 வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையின் ஒரு கட்டிலில் கிடந்தார். அத்தனை ஆண்டும் கே.இ.எம். நர்ஸ்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள், அவருக்கு ஒரு படுக்கைப் புண் வரவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரை ஒரு மாதம் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு வேலை என்று. கருணைக்கொலை வழக்காகத்தான் பலருக்கு அந்தப் பெயர் தெரியும், 2011 உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால். எங்களுக்கு அது வேறு கதை. நர்ஸுக்கு நேர்ந்ததை நர்ஸின் மானத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லி நிர்வாகமே மறைத்த கதை. "பெரிசு பண்ணாதம்மா" என்று உங்கள் மனைவியிடம் சொன்னதும் அதே புத்திதான்.

டாக்டர்கள் மேல் தாக்குதல் நடந்தால் ஊரே பேசுகிறது, பேச வேண்டியதுதான். 2023 மே மாதம் கேரளாவின் கொட்டாரக்கரையில் பயிற்சி டாக்டர் குத்திக் கொல்லப்பட்டார், 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி டாக்டர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார், அதே ஆண்டு நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் டாக்டர் கத்தியால் குத்தப்பட்டார். மூன்றும் நாட்டை உலுக்கின, சட்டமும் சுற்றறிக்கையும் வந்தன. ஆனால் ஆர்.ஜி. கர் விவகாரத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழுவில் பெயர் சொல்லி நியமிக்கப்பட்ட நிபுணர்கள் எல்லாருமே டாக்டர்கள். ஒரு நர்ஸ் இல்லை. வார்டில் ராத்திரி இருக்கிறவர்களைக் கேட்காமல் வார்டுப் பாதுகாப்பைப் பேசினார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. அந்தக் குழு கடைசியில், மாநிலச் சட்டங்கள் இருப்பதால் தனி மத்தியச் சட்டம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. 2019-லேயே மத்திய அரசு ஒரு வரைவு மசோதா போட்டு, அது அப்படியே கைவிடப்பட்டது. 2020-ல் கொரோனா சமயத்தில் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி ஐந்து ஆண்டு, பலத்த காயம் என்றால் ஏழு ஆண்டு வரை தண்டனை கொண்டுவந்தார்கள், ஆனால் அது தொற்றுநோய்க் காலத்துக்கு மட்டும்.

டாக்டர்களைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளேயிருந்து வருகிற வன்முறையும் உண்டு. ஆபரேஷன் தியேட்டரில் கருவியைத் தூக்கி எறிகிற சர்ஜன், எல்லார் முன்னாலும் ஃபைலை முகத்தில் விட்டெறிகிற சீனியர், புது நர்ஸ்களை அழ வைத்தே பழக்குகிற மூத்த நர்ஸ்கள். இதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

இனி உங்கள் மனைவியின் வழக்கு. சட்டத்தின் முழுப் பெயர் தமிழ்நாடு மருத்துவச் சேவைப் பணியாளர்கள் மற்றும் மருத்துவச் சேவை நிறுவனங்கள் வன்முறை மற்றும் சொத்துச் சேதம் அல்லது இழப்புத் தடுப்புச் சட்டம், 2008. ஸ்டேஷனில் எல்லாரும் சுருக்கமாக மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டம் என்பார்கள். டாக்டர், நர்ஸ், நர்சிங் மாணவிகள், துணை மருத்துவப் பணியாளர்கள் எல்லாரும் இதில் அடக்கம். அடித்தால்தான் வன்முறை என்று அதில் இல்லை, மிரட்டுவதும் வேலை செய்ய விடாமல் தடுப்பதும் சேரும். தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு, கூடவே அபராதம், ஜாமீனில் விட முடியாத பிரிவு. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு நோட்டீஸ் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிற வழக்கம் உண்டே, இது அந்த வரம்பைத் தாண்டியது.

இவ்வளவு கடுமையாக இருப்பதுதான் இதன் சங்கடமும் என்பது என் அபிப்பிராயம். ஒரு தள்ளுமுள்ளுக்கு மூன்று வருஷமா என்று ஸ்டேஷனில் யோசிப்பார்கள், சாதாரணக் காயம், ஆபாசமாகப் பேசியது என்று லேசான பிரிவுகளில் போட்டுவிடுவார்கள், அல்லது அதுகூட இல்லாமல் புகார் வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து "ரெண்டு தரப்பும் பேசி முடிச்சுக்கங்க" என்பார்கள். கேரளா 2023-ல் செய்த திருத்தம் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்திருக்கிறது. வாயால் அவமதிப்பதற்கே மூன்று மாதம் வரை என்று தொடங்கி, பலத்த காயத்துக்கு ஏழு ஆண்டு வரை படிப்படியாக வைத்திருக்கிறார்கள். சின்னக் குற்றத்துக்குச் சின்னத் தண்டனை என்றிருந்தால் போலீஸுக்கும் பதிய மனம் வரும், நர்ஸுக்கும் "ஒருத்தன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேனோ" என்ற உறுத்தல் இருக்காது. அந்த உறுத்தல் நிஜம், நிறையப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் மனைவி தனியாரில் இருப்பதால் "அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தல்" என்ற பிரிவு பொருந்தாது, அதனால்தான் 2008 சட்டத்தின் பெயரைப் புகாரிலேயே எழுதுவது முக்கியம். எழுதாவிட்டால் பல இடங்களில் அது ஞாபகத்துக்கே வராது. புகாரில் தேதி, நேரம், வார்டு, கட்டில் எண், அவர் அந்த நிமிஷம் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், எந்தக் கையை அந்த ஆள் எப்படி முறுக்கினார், என்ன வார்த்தை சொன்னார், யார் பார்த்தார்கள் என்று இருக்க வேண்டும். கெட்ட வார்த்தையை "தகாத வார்த்தை" என்று நாகரிகமாக எழுதாதீர்கள், சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள், அதுதான் சாட்சியம். ஒரு வாரத் தாமதத்துக்குக் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்: நிர்வாகத்திடம் சொல்லி நடவடிக்கைக்குக் காத்திருந்தேன் என்று. உண்மையும் அதுதானே.

மணிக்கட்டுக்கு இன்னும் வைத்தியம் பார்க்கவில்லை என்றால் அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டிக்குப் போய், இன்னாரால் இந்தத் தேதியில் என்று சொல்லி ஏ.ஆர். என்ட்ரி, அதாவது காயப் பதிவேட்டில் பதிவு, போடச் சொல்லுங்கள். எத்தனையோ பேருக்கு ஏ.ஆர். போட உதவுகிற நர்ஸ்கள், தங்களுக்கு அடிபட்டால் டூட்டி ரூமில் ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். அந்த என்ட்ரி இல்லாமல் கோர்ட்டில் காயம் என்பது வெறும் பேச்சு.

மருத்துவமனை நிர்வாகத்துக்கும் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் பதிவுத் தபாலிலும் மெயிலிலும் அனுப்புங்கள். ஆர்.ஜி. கர் சம்பவத்துக்குப் பிறகு 2024 ஆகஸ்ட் 16 அன்று மத்திய சுகாதாரத் துறை, தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் மருத்துவமனையை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் கடிதத்தில் குறிப்பிடலாம். புகார் கொடுப்பது பாதிக்கப்பட்டவரின் தலைவலி இல்லை, நிறுவனத்தின் பொறுப்பு என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று காட்ட அது போதும்.

அந்த ஆள் கையைப் பிடித்ததிலோ பேசினதிலோ பாலியல் ரீதியாக ஏதாவது இருந்திருந்தால், மனைவியிடம் நிதானமாகக் கேளுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். இருந்தால் 2013-ம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் வருகிறது. அந்தச் சட்டம் சக ஊழியர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பணியிடத்துக்கு வந்து போகிற வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அதன் 19-வது பிரிவு சொல்கிறது. வெளியாள் மேல் போலீஸ் புகார் கொடுக்கப் பெண் விரும்பினால் நிறுவனம் அதற்கு உதவ வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. உள்புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அங்கேயே வாக்குவாதம் வேண்டாம். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவல் வந்தால் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173-வது பிரிவின்படி புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

எதிர்த்தரப்பு மன்னிப்புக் கேட்டு சமாதானத்துக்கு வந்தால்? அது உங்கள் மனைவியின் முடிவு, நிர்வாகத்தின் முடிவோ உங்கள் முடிவோ இல்லை. ஏற்றுக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை. எழுத்தில் வாங்குங்கள், நடந்தது என்ன என்று அதில் இருக்க வேண்டும். வெறும் "மனக்கசப்பு ஏற்பட்டது, பேசித் தீர்த்துக்கொண்டோம்" என்றால் கையெழுத்துப் போட வேண்டாம்.

இதில் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். வார்டு சி.சி.டி.வி. பதிவு பல இடங்களில் பதினைந்து நாள், முப்பது நாளில் தானாக அழிந்து மேலே புதியது ஏறிவிடும். ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது. "இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை, இந்த வார்டுப் பதிவை அழியாமல் எடுத்து வைக்கவும்" என்று இரண்டு வரி மெயிலை நிர்வாகத்துக்கு இன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்றாலும் பரவாயில்லை, மெயில் போகட்டும்.